உடம்பு சும்மா இராது

அவருக்கு உட்காரத் தெரியாது. கொட்டகலையில் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் இது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் பரீட்சைத் தாள்கள், குடை, கம்பளிச் சட்டை, சில நாட்களில் ஒரு சீப்பு வாழைப்பழம் என்று எல்லாம் உட்கார்ந்திருக்கும். அவர் மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தபடி தாள் திருத்துவார், நடந்தபடி சாப்பிடுவார், நடந்தபடி சண்டையும் போடுவார். பக்கத்துக் கதிரைக்காரியான எனக்குத் தலை சுற்றும்.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர், என் கணக்கெல்லாம் பிழைக்குது" என்பேன்.

"உமக்குக் கணக்குப் பிழைக்கிறதுக்கு நான் காரணமில்லை" என்று பதில் வரும்.

அந்த 'நீர்', 'உம்' எல்லாம் முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தன. யாழ்ப்பாணப் பக்கத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் உரிமையோடு அப்படிப் பேசுவார்கள் என்று தெரியும்வரை, இவர் என்னை நிறுத்தி விசாரணை நடத்துகிறார் என்றே நினைத்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் அவர், கணிதம் நான். வடக்கிலிருந்து வருகிற ஆசிரியர்கள் அநேகமாக மாற்றல் கேட்டுத் திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் வந்த மாதமே கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்குப் பதிந்துகொண்டார். சனிக்கிழமை காலை ரயிலில் போய், ஞாயிறு பின்னேரம் திரும்புவார். அங்கே அவருடைய ஆராய்ச்சிக்கு இருந்தவை வெள்ளை எலிகள்.

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம் அவருக்குக் குறைவு. கெண்டைக்காலைத்தான் முதலில் பார்ப்பார். எங்கள் வீடு றொசல்லையில், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் கடைசியில் இருந்தது. நானும் அம்மாவும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பி வரும் வழியில் றொசல்லையில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் கொட்டகலைக்குப் போவார். முதல் தடவை வந்தபோதே, முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்திருந்த என் அம்மாவின் காலைக் குனிந்து பார்த்தார்.

"அன்ரி, உங்கட கெண்டைக்காலைப் பாத்தியளோ? இப்பிடி ஒரு தசை எங்கட ஊரில ஒருத்தருக்கும் இல்லை!"

அம்மா சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்து சிரித்தார். "என்னாடி இந்த டீச்சரு, மாடு புடிக்க வந்தவங்க மாதிரி பாக்குறாங்க?"

அம்மாவுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. 'அன்ரி' என்று அம்மாவை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. டீச்சர் வாசலில் நின்றபடி தேத்தண்ணீர் குடிப்பார். சோறு என்றால் "பிறகு, பிறகு" என்று நழுவிவிடுவார். எங்கள் வீடுகளில் வந்தவர்களை உட்காரவைத்துத்தான் சோறு போடுவோம். அவருக்கோ உட்கார வராது. இது எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரியவில்லை. "டீ குடிப்பாங்க. ஆனா நம்ம வீட்ல கை நனைக்க மாட்டாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்கல்ல" என்பார். மலையில் இருப்பவர்கள் வடக்கத்தியாரை அளக்க வைத்திருக்கும் அளவுகோல் இது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காகப் படிப்பித்துவிட்டு, ஒரு வீட்டிலும் தண்ணீர் குடிக்காமல் போனவர்களை அம்மா பார்த்திருக்கிறார்.

எலிகளை அவர் என்ன செய்கிறார் என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கு அன்று பஸ் தவறிவிடும்.

"பட்டினி போடுறன்" என்று தொடங்குவார். பட்டினி போட்ட எலியின் கால் தசையை எடுத்து, மெல்லிசாகச் சீவி, நிறம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்ப்பாராம். சாப்பாடு நின்றதும் தசைக் கலம் தன்னையே தின்னத் தொடங்குகிறது. கண்டபடி தின்பதில்லை. பழுதான பகுதிகளைச் சின்னப் பையில் கட்டி, கரைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்து, அதிலிருந்து எடுக்கிற சரக்கில் உயிர் வாழ்கிறது. இதற்கு அவர் வைத்திருந்த பெயர் தன்னுண்ணல்.

"இதை ஆர் தொடக்கிவைக்கிறது எண்டதுதான் என்ரை கேள்வி" என்பார்.

விளக்கம் எனக்குப் பிடிபடாமல் போனதில் அவருக்கு என்மேல் கோபம்கூட வந்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில், வேலை செய்த காலத்தில் விடியற்காலை பெரட்டில் என் அம்மா கண்டாக்கிடம் வாங்கிய ஏச்சைப் பற்றிச் சொன்னேன். பெரட்டு என்றால் என்ன என்று கேட்டார். காலையில் வேலையாட்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூட, யார் எந்த மலைக்குப் போவது, யாருக்குக் கொழுந்து, யாருக்குப் புல் வெட்டு என்று கண்டாக்கையா பிரித்துவிடுவார் என்றேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றேவிட்டார்.

"அதுதான் ஐசே! கண்டாக்கு ஒரு கொழுந்தும் பறிக்கிறதில்லை, என்ன? ஆனா அவர் வந்து சொல்லாட்டி ஒருத்தரும் மலைக்குப் போகேலாது. கலத்துக்குள்ளயும் அப்பிடி ஒரு புரதம் இருக்கு. சாப்பாடு இருக்கிற வரைக்கும் அதுக்கு ஒரு முத்திரையைக் குத்திக் கலத்தின்ரை கருவுக்கு வெளியில நிப்பாட்டி வைப்பாங்கள். பசி வந்தா முத்திரை கழரும். உள்ள போய், மரபணுவில இருந்து, இன்ன இன்ன ஆயுதத்தைப் படியெடு, தின்னத் தொடங்கு எண்டு கட்டளை குடுக்கும். கட்டளை கூடினாத் தசை கரைஞ்சு போம். கட்டளையே இல்லாட்டிக் குப்பை சேர்ந்து தசை பழுதாகும். இரண்டுக்கும் நடுவில ஒரு நூலிழை."

அதன் பிறகு ஆசிரியர் அறையில் படியெடுப்புக் காரணி என்கிற அந்தப் புரதத்துக்குக் கண்டாக்கையா என்றே பெயராகிவிட்டது. திங்கட்கிழமை அவர் உள்ளே வந்ததும், "கண்டாக்கையா உள்ள போனாராங்க?" என்று யாராவது கேட்பார்கள். பாதி நாட்களில் கண்டாக்கையா போயிருக்க மாட்டார். நிறமேற்றும் மருந்து வெளிநாட்டிலிருந்து வந்திருக்காது, அல்லது வந்து மின்சாரம் இல்லாமல் கெட்டுப்போயிருக்கும். அந்தத் திங்கட்கிழமைகளில் டீச்சர் நடையில் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"உடம்பு சும்மா இராது. ஒண்டில் கட்டும், இல்லாட்டித் தின்னும்." இது அவர் அடிக்கடி சொல்வது. உடம்பைப் பற்றிச் சொல்கிறாரா, தன்னைப் பற்றிச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு யாத்திரைப் பருவகாலத்தில் ஆசிரியர்கள் எல்லோருமாக நல்லதண்ணிக்குப் போய்ச் சிவனொளிபாத மலை ஏறி வந்தோம். மற்றவர்கள் அரோகரா சொன்னபோது அவர் படியில் ஏறுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை பாடசாலையே நொண்டியது. சைவசமயம் படிப்பிக்கும் உப அதிபர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து எழுந்தார். டீச்சருக்கு ஒரே கொண்டாட்டம்.

"வலிக்குதோ? ஏறினதுக்கு இல்லை ஐயா இந்த வலி, இறங்கினதுக்கு! நார் கிழிஞ்சு போச்சு. நாருக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு சின்னக் குருத்துக் கலங்கள் நித்திரை கொள்ளும். இப்ப அதுகள் எழும்பிப் பெருகித் தைச்சுக்கொண்டிருக்கும்."

"அப்ப தூங்குறதும் நல்லதுதான்னு சொல்லுங்க" என்றார் உப அதிபர்.

"அதுகள் சும்மா நித்திரை இல்லை ஐயா. நித்திரையிலயும் வீடு கூட்டுதுகள். அதே தன்னுண்ணல்தான். கூட்டுறது நிண்டாக் குப்பை மூடிப்போம். பிறகு கூப்பிட்டாலும் எழும்பாதுகள். வயசு போனவைக்குத் தசை திரும்பக் கட்டாதது அதாலதான் எண்டு நான் நினைக்கிறன். இன்னும் ஒருத்தரும் காட்டேல்லை. நான் காட்டுவன்."

பல வருடங்கள் கழித்து இதே விஷயத்தை வேறு யாரோ எழுத வாசித்தபோது, பக்கத்தில் யாரும் இல்லாத வீட்டில் "இதத்தான் அவங்க சொன்னாங்க!" என்று உரக்கச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது.

பிறகு போர் வன்னிக்குள் இறுகியது. டீச்சருடைய தாயாரும் தமையனும் அதற்குள் இருந்தார்கள். தகப்பன் முன்பே இறந்துவிட்டார். முதலில் கடிதம் நின்றது, பிறகு யாரோ மூலமாக வந்துகொண்டிருந்த தொலைபேசிச் செய்தியும் நின்றது. மற்றவர்கள் என்றால் அழுவார்கள், கோயிலுக்குப் போவார்கள். இவர் ஆசிரியர் அறையில் நடந்துகொண்டே, யாரும் கேட்காமல், சொல்லத் தொடங்குவார்.

"ஈரல்ல இருந்த சீனி எப்பவோ முடிஞ்சிருக்கும். இனிக் கொழுப்பு. அம்மாவிட்டை எங்க கொழுப்பு? இனித் தசைதான். தொடைத் தசைதான் முதல்ல போகும். எழும்பி ஓடச் சொன்னா எழும்பேலாது. எறிகணை வந்தா ஓடவேணும், விளங்குதோ? ஓடுறதுக்குத் தொடை வேணும்."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுசிக்குத் தன் தாயை இவ்வளவு உள்ளே புகுந்து பார்க்கத் தெரியக்கூடாது. எலிக்குப் பட்டினி போடுவதை அவர் அந்த மாதம் நிறுத்திவிட்டார். தன் சாப்பாட்டையும் பாதியாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் எரிந்து விழுந்தார்.

சண்டை முடிந்து தாயார் வவுனியாப் பக்கத்து முகாமில் இருப்பது தெரிந்தது. தமையன் இல்லை. முகாமிலும் வயிற்றோட்டம் கண்டு, தாயார் வெறும் தண்ணீரில் கிடந்திருக்கிறார். வயதானவர்களை உறவினர் வந்து கூட்டிப்போகலாம் என்று விட்டபோது டீச்சர் ஓடினார். கொட்டகலையில் அவர் வாடகைக்கு இருந்த அறை கடைக்கு மேலே, ஏணி மாதிரி மரப்படி. "இங்கயே கூட்டியாரச் சொல்லு. அந்தம்மா எப்புடி ஏறுவாங்க" என்று அம்மாதான் சொன்னார். வவுனியாவிலிருந்து டீச்சர் தொலைபேசியில் என்னிடம், "வாறம். அன்ரியை ஒண்டும் சமைக்க வேண்டாம் எண்டு சொல்லும்" என்றார். சொன்னேன். வருகிற எவரும் மரியாதைக்குச் சொல்வதுதானே. அம்மா கோழி அடித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து ரொட்டியும் சம்பலும் பாயாசமும் வந்து சேர்ந்தன.

தாயாரைத் தூக்கிவந்துதான் உள்ளே உட்காரவைத்தோம். சேலைக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் பைப்படியில் கால் கழுவப் போயிருந்தார். அம்மா தட்டு நிறையச் சோறும் கறியும் போட்டுக் கையில் கொடுத்தார். தாயார் பிசைந்து, ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார். உள்ளே வந்த டீச்சர் ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம் அம்மா! அன்ரி, எடுங்கோ இதை! எல்லாத்தையும் எடுங்கோ!"

தாயார் கீழே சிந்திய சோற்றைப் பொறுக்கப் பார்த்தார். டீச்சர் அதையும் பிடுங்கினார். தட்டு அடுப்படி வரை உருண்டது. என் அம்மா வெளியே போய்விட்டார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் பார்த்தாள். "நம்ம கையால திங்கக் கூடாதாம்ல" என்று பின்னேரத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு.

நான் டீச்சரை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "என்னாங்க செஞ்சீங்க? அம்மா காலையில இருந்து நின்னு ஆக்குனது!"

"இவ்வளவு நாள் பசி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாச் சோறு வந்தா, கலமெல்லாம் இரத்தத்தில இருக்கிற உப்புக்களை இழுத்துப்போடும். இதயம் நிண்டு போம். பசியில சாகாதது சோத்தில செத்துப்போம். விளங்குதோ உமக்கு?"

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னன்தானே! சமைக்க வேண்டாம் எண்டு சொன்னன்தானே!"

"அது எல்லாரும் சொல்றதுதானங்க டீச்சர்!"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "எல்லாரும் சொல்லுறதோ?" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. மனிதர்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றை எதிர்பார்ப்பார்கள் என்பது அவர் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, விட்டமினும் எழுதித் தந்தார். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "உசுருக்கு ஆபத்துன்னா வாயத் தொறந்து சொல்லணும். கையில இருந்து புடுங்குறதா?" என்றார். டீச்சரோடு பேசுவதை அம்மா அன்றோடு நிறுத்திவிட்டார்.

ஆனால் அந்தத் தாயாருக்குக் கஞ்சி கொடுத்தது யார் என்கிறீர்கள்? கரண்டி கரண்டியாக, ஒன்று இறங்கியபின் இன்னொன்று என்று கொடுக்க, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சர் ஒரு கரண்டி கொடுத்துவிட்டு எழுந்து நடப்பார், வந்து நாடி பிடிப்பார், இன்றைக்கு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொற்பொழிவு செய்வார். தாயார் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். என் அம்மா வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார், அதையும் டீச்சர் முகத்தைப் பார்க்காமல்தான். "டீச்சருக்காக ஒண்ணும் செய்யல. இந்தக்கா பசியில இருக்காங்க" என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு கூத்து. "அக்கா, இன்னைக்குப் பருப்புத் தண்ணி குடுக்கலாமான்னு ஒங்க மகளக் கேளுங்க" என்று அம்மா சொல்வார். டீச்சர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "அம்மா, குடுக்கலாம் எண்டு அன்ரிட்டைச் சொல்லுங்கோ" என்பார். தாயார் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். முகாமிலிருந்து வந்தபின் அவர் முதன்முதலாகச் சிரித்தது இதற்காகத்தான்.

கஞ்சி சோறானது. முட்டை சேர்ந்தது. தின்றால் மட்டும் தசை வராது, வேலையும் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும், உட்கார வேண்டும், திரும்பவும் எழ வேண்டும். தாயார் அழுவார். "ஏனடி என்னை வதைக்கிறாய்?" என்பார். இவர் விடமாட்டார். பாடசாலை விட்டதும் ஓடிவந்து தாயின் தொடையைக் கையால் பிடித்துப் பார்ப்பார். நாட்கள் போயும் ஒன்றுமில்லை. எழுபது தாண்டிய உடம்பு. "அந்தக் குருத்துக் கலங்கள் எழும்பாதுகள் போல கிடக்கு" என்று ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடையில் வைத்த கையை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார். "இதைப் பிடிச்சுப் பாரும். பிடிச்சுப் பாரும்!" நான் பிடித்துப் பார்த்தேன். தோலுக்குக் கீழே ஏதோ கெட்டியாக இருந்தது. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் தாயார் கம்பி பிடிக்காமல் எழுந்தார். லயத்து முற்றத்தில் நடந்தார், பைப்படி வரை போய் வந்தார். வன்னிக்குத் திரும்பிப் போக விடுகிறார்கள் என்று வானொலியில் சொன்ன அன்று, தன் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தார்.

"நான் போறன்" என்றார்.

"எங்க?" என்று டீச்சர் கேட்டார். "அங்க என்ன கிடக்கு? வீடு இல்லை, கிணறு இல்லை, ஒண்டும் இல்லை!"

"என்ரை பிள்ளை கிடக்கிறான். அவனை எந்த இடத்தில தாட்டவை எண்டு எனக்குத்தான் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு விளக்காவது வைக்க வேணும்."

"உங்களாலை ஏலாது அம்மா. இவ்வளவு கஷ்டப்பட்டு உங்களை…"

"நீதானே நடக்கச் சொன்னனீ" என்றார் தாயார். "நடக்கிறன்."

டீச்சர் நடப்பதை நிறுத்தி அப்படியே நின்றார். ஒரு கிழமைக்குள் விடுமுறை எழுதிக் கொடுத்தார், வடக்குக்கு மாற்றல் கேட்டார், அறையைக் காலி செய்தார். எலிகளை வேறு யாரோ பொறுப்பெடுத்தார்கள். கண்டாக்கையா உள்ளே போனாரா இல்லையா என்பதை அவர் கடைசிவரை எழுதி முடிக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் ஆற்றாமைதான். யாரை நோவது என்றும் தெரியவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டி பஸ் நின்றது. நானும் அம்மாவும் இருவரையும் வழியனுப்பப் போயிருந்தோம். பஸ்ஸின் முதல் படி உயரம். தாயார் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்தார். உடம்பு மேலே போகவில்லை. காலை இறக்கிவிட்டார். "இக்மனட்ட, இக்மனட்ட" என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினான். டீச்சர் பின்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். தாயின் முதுகுக்கும் அந்தக் கைகளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் தொடவில்லை.

தாயார் திரும்பவும் காலைத் தூக்கி வைத்தார். சேலைக்குள் தொடை நடுங்குவது எங்களுக்கே தெரிந்தது.

"புடிங்க டீச்சர்!" என்று அம்மா கத்தினார். "விழுந்துறப் போறாங்க, புடிங்க!"

அந்தத் தட்டு உருண்ட நாளுக்குப் பிறகு அம்மா அவரிடம் முதன்முதலாக நேராகப் பேசியது அதுதான்.

"விடுங்கோ அன்ரி" என்றார் டீச்சர். திரும்பாமலே சொன்னார். "அவவே ஏறட்டும்."

தாயார் ஏறிவிட்டார். டீச்சர் நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கீழேயே நின்றார்.